யோகராணி அன்ரி வீட்டுக் காற்று

யோகராணி அன்ரி தேத்தண்ணியைக்கூட நடந்துகொண்டுதான் குடிப்பார். குசினியிலிருந்து முன் ஹோலுக்கு, ஹோலிலிருந்து பேஸ்மென்றுக்கு இறங்கும் படியடிக்கு. அங்கே ஒரு கணம் நின்று மூக்கைக் கீழே நீட்டிப் பார்ப்பார். பிறகு மறுபடியும் குசினி. கோப்பை வெறுமையாவதற்குள் வீட்டை நாலு தரம் சுற்றி வந்திருப்பார். நான் கனடாவில் அஜின்கோர்ட்டில் இருக்கும் அந்த வீட்டின் மேல்தட்டில் ஓர் அறைக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு கதிரையில் சாய்ந்து இருந்ததைக் கண்டதில்லை. சாப்பாட்டு மேசையிலும் கதிரை நுனியில்தான், பஸ் வந்துவிடும் என்பதுபோல.

அவருடைய கணவர் ஸ்ரீதரன் அங்கிள் பிறம்ரனிலிருந்து பாரவண்டி ஓட்டுகிறவர். அல்பேட்டா வரைக்கும் போவார், வருவார், படுப்பார், போவார். வீட்டை நடத்துவது அன்ரிதான். அகதியாக வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிறது. பிஸ்கற் தொழிற்சாலை, ஹோட்டல் அறைகள், இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதி. அங்கே அவருடைய மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. இயந்திரத்திலிருந்து வரும் படுக்கைவிரிப்பை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, இது சரி, இது திரும்பப் போகட்டும் என்று பிரித்துவிடுவாராம். மனேஜர்கூட மறுபேச்சுப் பேசுவதில்லை என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒக்டோபர் நடுப்பகுதியில், குளிர் தொடங்கி வீடுகளில் பேர்னஸ் ஓட ஆரம்பித்திருந்த நேரம், ஒரு பின்னேரம் என் அறைக் கதவைத் தட்டினார்.

“தம்பி, நீர் கெமிஸ்ற்றி தானே படிச்சனீர்?”

ஓம் என்றேன். அந்தக் கேள்விக்கு ஓம் சொல்வதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை. வன்னியில், மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு வள்ளத்தில் போகவேண்டிய ஒரு ஊரிலிருந்து பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இரசாயனவியலில் சிறப்புப் பட்டம். இங்கே ஸ்காபரோவில் ஒரு பெயின்ற் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பட்டத்தை வைத்துத்தான் அந்த வேலை கிடைத்தது என்பதை எங்கே சந்தர்ப்பம் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன்.

“அப்ப சொல்லும் பாப்பம். மீன் மணத்தைப் பிடிக்கிற பேர்னஸ் பில்ரர் எது?”

பேர்னஸ் வீட்டுக் காற்றை இழுத்து, சூடாக்கி, குழாய்களால் எல்லா அறைக்கும் திருப்பி அனுப்பும் இயந்திரம். இழுத்த காற்று உள்ளே போகும் வாசலில் ஒரு பில்ரர் நிற்கும். தூசியைப் பிடிக்க மடித்த கடதாசிச் சட்டம். மணம் தூசியில்லை, அதைப் பிடிப்பது கஷ்டம் என்று நான் விளக்கத் தொடங்க, அன்ரி கார்த் திறப்பை எடுத்துவிட்டார். மிச்சத்தைக் கடைக்குப் போகிற வழியில் சொல்லட்டாம்.

ஆனால் காரில் சொன்னது அவர்தான். சிவப்பு விளக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பச்சை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் இக்னேசியஸ் அண்ணையை எனக்குத் தெரியும். மீன்பிடி ஊரான பாசையூர் ஆள், கடற்கரைக் கத்தோலிக்கர், தனி மனிதர், கட்டட வேலைக்குப் போகிறவர். பக்கக் கதவால் வருவார், பக்கக் கதவால் போவார். அவர் வைக்கும் மீன்குழம்பின் மணம் படியேறி வரும்போது எனக்கு வாயூறும். அன்ரி வீட்டிலும் மீன் சமைப்பதுதான். பிரச்சினை மீனில் இல்லை, கந்தசஷ்டியில்.

ஐப்பசியில் வரும் அந்த ஆறு நாளும் அன்ரி உபவாசம். காலையும் மத்தியானமும் பச்சைத் தண்ணி, பின்னேரப் பூசைக்குப் பிறகு பாலும் ஒரு பழமும். ஏழாம் நாள் விடியப் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடும் சாப்பாடு. போன வருசம் அவர் இதை மகள் நிலக்சிக்காகப் பிடித்தார். நிலக்சி ஒஷாவாவில் கணவனோடு இருக்கிறாள். ஒரு தரம் கரு தங்கவில்லை, இரண்டாம் தரம் தங்கியிருந்தது. நாலாம் நாள் மத்தியானம் அன்ரி சாமியறையில் இருந்து கவசம் படித்துக்கொண்டிருக்க, தரையிலுள்ள காற்று வாயால் மீன் மணம் வந்தது. குடலைப் பிரட்டியது, தலை சுற்றியது. எழும்பிப் போய்ச் சுவரைப் பிடித்தவர், விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் சாப்பிட்டுவிட்டார். விரதம் முறிந்தது. மார்கழியில் பிள்ளையும் போய்விட்டது.

“நான் ஒண்டோட ஒண்டை முடிச்சுப் போடேல்லை தம்பி,” என்றார், ஒரு விளக்கில். அடுத்த சிவப்பு விளக்கு வந்தது. பிறகு, “ஆனா முடிச்சுத் தானா விழுந்து கிடக்கு,” என்றார்.

இப்போது நிலக்சிக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். சஷ்டி அடுத்த கிழமை. இந்த வருசம் விரதம் முறியக்கூடாது.

இக்னேசியஸ் அண்ணையிடம் ஆறு நாளைக்கு மீன் சமைக்கவேண்டாம் என்று சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். அன்ரி ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தார். கடற்கரை மனிசரைப் பார்த்து உங்கட மணம் எங்கட சாமிக்கு ஆகாது என்று சொன்ன வீடுகள் ஊரில் எத்தனை என்று எனக்குத் தெரியும்தானே, தன் தகப்பன் வீடும் அதில் ஒன்று, அந்தக் கதையைக் கனடாவில் தன் வாயால் திரும்பச் சொல்லமாட்டேன் என்றார்.

“அவர் காசு குடுத்து இருக்கிற வீடு. அவர் தன்ர குசினியில தனக்கு விருப்பமானதைச் சமைக்கட்டும். நான் என்ர மூக்குக்கு வழி பாக்கிறன்.”

நல்ல கொள்கைதான். ஆனால் அந்தக் கொள்கைக்காக அவர் ஒரு வருசமாக இக்னேசியஸ் அண்ணையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பேரும் சந்தித்தால் அன்ரி இயந்திரத்தைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்லுவார். ஆளுக்கு நேரே சொல்லமுடியாத பழியை ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் சுமத்திக்கொண்டிருந்தார்.

கடையில் பில்ரர்கள் ஒரு முழுச் சுவருக்கு அடுக்கியிருந்தன. அன்ரி ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மறுபக்கம் தெரிந்தால் திரும்ப வைத்தார். துணிக்கடையில் சேலையின் நெருக்கம் பார்ப்பதுபோல. நான் பெட்டிகளில் போட்டிருந்த மேர்வ் எண்ணைக் காட்டி விளக்கினேன். எண் கூடக் கூடச் சின்னச் சின்னத் துணிக்கையையும் பிடிக்கும். எட்டு என்றால் வீட்டுத் தூசி, பதினொன்று என்றால் பூந்தூள், பதின்மூன்று என்றால் காட்டுத்தீப் புகைகூட. ஆனால் எண் கூடினால் காற்று புகுவது கஷ்டம். அன்ரி வீட்டுப் பேர்னஸ் நிலக்சி பள்ளிக்கூடம் போன காலத்துச் சாமான். அதன் மூக்கில் கனத்த துணியைக் கட்டினால் மூச்சு வாங்கும்.

“மணத்தை எது பிடிக்கும் எண்டு சொல்லும்.”

“ஒண்டும் முழுசாப் பிடிக்காது அன்ரி. கரி பூசின பில்ரர் கொஞ்சம் பிடிக்கும். கரி நிரம்பினாப் பிறகு அதுகும் இல்லை.”

“கொஞ்சம் எண்டால்?”

“அரைவாசி எண்டு வைப்பம்.”

“அரைவாசி மணத்துக்கு அரைவாசி விரதமோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கடைசியில் பதினொன்றாம் எண்ணில், கரி பூசியது ஒன்றை நான் தெரிவு செய்து கொடுத்தேன். அந்தப் பேர்னஸ் தாங்கக்கூடியது அதுதான். அன்ரி பதின்மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தலையாட்டாமல் நிற்க, திரும்ப வைத்தார். காசு கொடுக்கும் வரிசையில் இரண்டு தரம் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, பேர்னஸும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் நிற்கும் அந்தப் பொது அறைக்குள் இறங்கி, பழையதைக் கழற்றினேன். அது எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. நரைத்த ஆட்டுத்தோல்போலத் தூசி தடித்திருந்தது. புதியதை, காற்றுப் போகும் பக்கத்துக்கு அம்புக்குறி பார்த்து மாட்டினேன். இடுக்கு அகலமாக இருந்ததால் பில்ரர் கொஞ்சம் ஆடியது. அன்ரி அதைக் கவனித்தார். ஆடுது என்றார். ஆடினால் பரவாயில்லை என்றேன். அவருடைய முகத்தில் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

சஷ்டி தொடங்கியது. வீட்டுக்குள் ஒருவிதப் பதற்றம் குடிவந்தது. அன்ரி வேலைக்கு ஆறு நாளும் லீவு போட்டிருந்தார். வயிறு வெறுமையாக இருக்க இருக்க நடை கூடியது. சாமியறை, படியடி, சாமியறை. காற்று வாயருகே குனிந்து முகர்வார். என்னையும் கூப்பிட்டு முகரச் சொல்வார். கற்பூரம்தான் மணக்கிறது என்பேன். நல்லாப் பாரும் என்பார். எனக்கே மூக்கில் நம்பிக்கை போகத் தொடங்கியது. வேலையில் பெயின்ற் டப்பாவைத் திறந்தால்கூட மீன் மணக்கிறதா என்று பார்த்தேன்.

நிலக்சி தினமும் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அன்ரி நடப்பதால் எல்லாருக்கும் கேட்கும். “அம்மா, உங்கட ஃபாஸ்ற்றிங்கால பேபிக்கு ஒண்டும் இல்லை. ப்ளீஸ், லைக், சூப்பாவது குடியுங்கோ” என்பாள். அன்ரி உடனே அவளுடைய சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். இரும்புக் குளிசை போட்டாளா, படியில் கவனமா. மகள் தாய்க்குச் சாப்பிடச் சொல்ல, தாய் மகளுக்குச் சாப்பிடச் சொல்ல, போன் வைக்கப்படும். சூப் பற்றிய கதை ஒரு முடிவுக்கும் வராது.

முதல் மூன்று நாளும் காற்று வாயில் ஒன்றும் வரவில்லை. பில்ரர் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. படித்தது ஒரு வீட்டுக்கு உதவுகிறதே என்று.

நாலாம் நாள் சனிக்கிழமை. நான் வீட்டில் நின்றேன். மத்தியானம் சாமியறையிலிருந்து கவசம் படிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் அறுந்தது. நான் கீழே வந்து பார்க்க, அன்ரி நிலத்தில் இருந்தபடியே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். ஓர் இடத்தில் அசையாமல் அவர் இருந்ததை அன்றுதான் கண்டேன். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

“வந்திட்டுது,” என்றார்.

குனிந்து முகர்ந்தேன். பொய்யில்லை. மெல்லிய மீன் வெடில். போன வருசமும் நாலாம் நாள், இந்த வருசமும் நாலாம் நாள். அன்ரியின் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். சுத்தட்டும், இந்த முறை ஒரு சொட்டுத் தேத்தண்ணியும் தொடமாட்டேன் என்றார்.

அப்போதுதான் பக்கக் கதவால் சுற்றிவந்து முன்கதவைத் தட்டினார் இக்னேசியஸ் அண்ணை. குளிர் ஜக்கற், தலையில் தொப்பி, கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து கீழே சூடு வரவில்லையாம். பேர்னஸ் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் தானே நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. சொல்லிக்கொண்டே மூக்கைச் சுருக்கினார்.

“அக்கா, சஷ்டிக்கையே மீன் காய்ச்சிறியள்?”

அன்ரி எழும்பிவிட்டார். ஒரு வருசம் இயந்திரத்தைப் பார்த்துப் பேசியவர் முதல்தரம் ஆளைப் பார்த்தார்.

“நானோ? நீர் காய்ச்சிப்போட்டு என்னைக் கேக்கிறீரோ?”

“நான் இந்தக் கிழமை மீன் மச்சம் ஒண்டும் தொடேல்லை அக்கா. உடுப்புத் தோய்க்கிற அறையில நீங்கள் கொழுவின கலண்டரில சஷ்டி போட்டுக் கிடக்கு. நாங்களும் தவக்காலத்து வெள்ளியில தொடுறேல்லைத்தானே. மேல ஒரு மனிசி பட்டினி கிடக்க, கீழ நான் பொரிச்சுச் சாப்பிட ஏலுமே? நாலு நாளா பருப்பும் பாணும்தான்.”

வீட்டில் மீன் இல்லை. ஆனால் மணம் இருக்கிறது. எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெயின்ற் ஆய்வுகூடத்தில் ஒரு தரம் சூடாக்கும் தட்டின் வயர் உருகியபோது மேற்பார்வையாளர் முகர்ந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, யார் மீன் கொண்டுவந்தது என்பதுதான். வயர்களிலும் பிளக்குகளிலும் இருக்கும் சிலவகைப் பிளாஸ்ரிக் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அப்படித்தான் மணக்கும். மீனில் அந்த வெடிலைத் தருவதும் அமீன் என்கிற அதே குடும்பத்து வாயுதான். இரண்டாம் வருசத்தில் நான் எழுதிய பரீட்சைக் கேள்வி.

கீழே ஓடினேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். பேர்னஸின் தகரத்தில் கைவைக்க முடியவில்லை. அதன் சிவப்பு மின் ஆளியை நிறுத்தினேன். பிறகு பில்ரர் இடுக்கைத் திறந்து இழுத்தேன். என்னுடைய பதினொன்று வந்தது. அதற்குப் பின்னால், இறுகிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்று வந்தது. பதின்மூன்று. கடையில் அவர் திரும்ப வைத்த அதே கனத்த சாதி.

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அந்த அறையில் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய வலைத்தட்டு ஒன்று உண்டு. அதன் மேல் சாப்பாடு சுற்றும் வெள்ளித் தாள் இரண்டு மடிப்பாக வைத்து, நாலு பக்கமும் பசை ரேப் ஒட்டியிருந்தது. கரையெல்லாம் நகத்தால் அழுத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல். கொழுக்கட்டை ஓரம் கிள்ளியதுபோல அவ்வளவு திருத்தமான வேலை.

“ஆடுது எண்டு சொன்னனான்தானே,” என்றார் அன்ரி மெதுவாக. “ரெண்டெண்டா ஆடாது எண்டு…”

கீழ்வீட்டுக் காற்று மேலே வராமல் இருக்கத் தாள். வந்தாலும் பிடிக்க இரண்டு பில்ரர். மூச்சு விட வழியில்லாமல் பேர்னஸ் தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது. மீன் மணத்தை மறிக்கப்போய் மீன் மணத்தை உண்டாக்கியிருக்கிறார். இதை நான் இரண்டு வசனத்தில் சொன்னேன். மூன்றாவது வசனமாக, கொஞ்சம் பிந்தியிருந்தால் நெருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். இக்னேசியஸ் அண்ணை என் தோளில் கைவைத்தார். விட்டுவிட்டேன்.

அவர் வெள்ளித் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கத்துக் காற்றை மறிக்க ஒட்டியது என்று விளங்காத ஆள் இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒரு மூலையைப் பிடித்து ரேப்பை உரிக்கத் தொடங்கினார். அன்ரி நின்றபடி நின்றார். 

“இக்னேசியஸ்,” என்றார் அன்ரி. “போன வருசம் சஷ்டிக்கு என்ன மீன் காய்ச்சினனீர்?”

“போன வருசமோ?” அவர் உரிப்பதை நிறுத்தி யோசித்தார். “போன வருசம் சஷ்டியண்டு நான் இஞ்ச நிக்கேல்லையே அக்கா. பிறம்ரனில அண்ணை வீடு மாறினவர். சாமான் ஏத்தி இறக்கி, பெயின்ற் அடிச்சு, ரெண்டு கிழமை அங்கதான். திரும்பி வரேக்க நீங்கள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. என்ன பிழை விட்டனோ எண்டு அண்டையில இருந்து யோசிச்சபடி. பேந்து கலண்டரைப் பாத்துத்தான், விரதத்துக்க ஏதோ நடந்திருக்கு எண்டு ஒரு மட்டுக்கட்டினனான்.”

நான் கழற்றி எறிந்த பழைய பில்ரர் என் கண்முன் வந்தது. நரைத்த ஆட்டுத்தோல். போன வருசம் இந்தப் பேர்னஸுக்கு அதுதான் மூக்கு. வெள்ளித் தாள் தேவைப்பட்டிருக்காது. அந்தத் தூசியே போதும்.

அன்ரிக்கும் அது விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தோய்க்கும் இயந்திரத்தில் கையூன்றிக்கொண்டார். “அப்ப அண்டைக்கு மீனும் இல்லை, ஒண்டும் இல்லை,” என்றார். “அப்ப நான்தான் சும்மா எழும்பிப் போய்ச் சாப்பிட்டு முறிச்சனான்.”

நான் எதிர்பார்த்தது வேறு. மீன் இல்லை என்றால் மனப்பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு வருசமாக இன்னொருவர் தலையில் வைத்திருந்த பழி, அவர் காரணமில்லை என்றானதும் நேரே தன் தலையில் வந்து இறங்கியது.  கரு தங்காமல் போவதற்கும் பிளேன்ரீக்கும் தொடர்பில்லை என்று சொல்லலாம். சொன்னேன். அன்ரி கேட்கவில்லை.

இக்னேசியஸ் அண்ணை கடைசி ரேப்பையும் உரித்து, தாளை உருட்டிப் பந்தாக்கினார்.

“அக்கா, வயர் எரிஞ்ச புகையை முகர்ந்த ஆருக்கும் தலை சுத்தும், பிரட்டும். பட்டினி வயிறு வேற. நீங்கள் எழும்பி வெளியில போனது நல்லது. அந்த அறைக்கையே இருந்திருந்தா ஸ்ரீதரன் அண்ணை வந்து கதவை உடைக்கவேண்டி வந்திருக்கும். முருகன் உதைக் கணக்கில வச்சிருப்பாரே? எங்கட மாதா வச்சிருக்க மாட்டா.”

அன்ரியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பென்று சொல்லமாட்டேன்.

“நான் ஒரு வருசமா உம்மிலதான் பழி போட்டு வச்சிருந்தனான். பிள்ளை போனதுக்கு.”

“பழி எண்டு தெரியும் அக்கா. எதுக்கெண்டுதான் தெரியேல்லை.” அவர் பந்தைக் குப்பைக் கூடைக்குள் போட்டார். “பிள்ளை போனதெண்டும் தெரியாது. தெரிஞ்சிருந்தா மேல வந்து ஒரு சொல்லுக் கேட்டிருப்பன்.”

அவர் தன் பக்கத்துக்குப் போய் ஒரு மின்ஹீற்றரைத் தூக்கிவந்து சாமியறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். குளிர் கீழேதான் அதிகம், அவருக்கு வேண்டாமா என்று கேட்டேன். கட்டட வேலைக்காரனுக்குக் குளிர் சொல்லிக் கொடுக்கவேண்டாம் என்றார்.

பின்னேரம் பேர்னஸ் திருத்துகிறவர் வந்தார். காற்றைத் தள்ளும் மோட்டருக்குப் போகும் பிளக் பழுப்பு நிறத்தில் உருகியிருந்தது. அதைக் கழற்றிக் காட்டினார். மூக்கருகே கொண்டுபோக, அதே வெடில். பழைய காயமும் இருக்கிறது, இது முதல்தரம் சூடானதில்லை என்று அவரே சொன்னார். வயர் மாற்றி, ஒற்றைப் பில்ரர் போட்டு, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்ரி அந்த உருகிய பிளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது அது சாமியறைத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்கு அடுத்ததாக இருந்தது.

அன்றைய பாலையும் பழத்தையும் இருட்டிய பிறகுதான் தொட்டார். விரதம் முறியவில்லை. ஐந்தாம் நாளும் முறியவில்லை. ஆனால் நடை நின்றது என்று நினைக்கவேண்டாம். இப்போது சாமியறையிலிருந்து பேர்னஸ் அறைக்கு நடந்தார். தகரத்தில் கைவைத்துப் பார்ப்பார், காது வைப்பார், மேலே வருவார். என்னிடம் வேறொரு கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். படியில், குசினியில், நான் வேலைக்குப் புறப்படும் வாசலில்.

“மீனும் இல்லை, விரதமும் இல்லையெண்டா, பேந்து ஏன் தம்பி அந்தப் பிள்ளை போனது?”

தெரியாது அன்ரி என்பேன். படிச்ச பிள்ளை தெரியாதெண்டு சொல்லுறீர் என்பார், குற்றமாக இல்லாமல். அடுத்த முறை அதே கேள்வி, வேறொரு கதவடியில்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டு வந்தார். ஏழாம் நாள் விடியப் பாறணை. எனக்கும் இலை போட்டார். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தி, எழும்பிப் படியடிக்குப் போனார். வழக்கம்போல மூக்கை நீட்டுவார் என்று நினைத்தேன்.

“இக்னேசியஸ், இண்டைக்கு நீர் சமைக்கலாம்,” என்று கீழே பார்த்துச் சொன்னார்.

“விளை மீன் வெட்டி வச்சாச்சு அக்கா,” என்று பதில் வந்தது.

திரும்பிவந்து சாப்பிட்டார். கதிரை நுனியில் இருந்துதான். போன் மேசையில், இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்று காலை நிலக்சிக்கு ஸ்கான். முடிந்தவுடன் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். பேர்னஸ் தொடங்கும் சத்தம் கேட்டது. அன்ரி குனிந்து, சாப்பிடாத கையைச் சுவரோரம் இருந்த காற்று வாயின் மேல் விரித்துப் பிடித்தார்.

“காத்து வருது,” என்றார்.

கையை அதிலிருந்து எடுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.